பகலும் இரவும் ஒரே பெட்டியில்: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து தொலைதூர மத்திய அலை வானொலியை ஒப்பிட்டுக் கேட்பதற்கான முழுமையான வழிகாட்டி

தருமபுரிப் பக்கம் வானொலி என்றதும் பலருக்கும் 102.5 மெகாஹெர்ட்ஸ் பண்பலைதான் நினைவுக்கு வரும். அதே பெட்டியில் ஏஎம் என்றோ எம்டபிள்யூ என்றோ எழுதியிருக்கும் மத்திய அலைப் பக்கத்துக்கு விசையைத் தள்ளினால், பகலில் பெங்களூரும் திருச்சியும் கேட்கும். மற்ற இடமெல்லாம் இரைச்சலாக இருக்கும். இரவு எட்டு மணிக்கு அதே பெட்டியை அதே திண்ணையில் வைத்துத் திருப்பினால் தெலுங்கும் மலையாளமும் இந்தியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இந்த வேறுபாட்டை வியந்துவிட்டுப் போகாமல், எந்த நிலையம் எத்தனை மணிக்கு எவ்வாறு மாறியது என்று அளந்து எழுதிவைக்க விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

புதிதாக இந்தப் பொழுதுபோக்குக்கு வருபவர்கள் இரவில்தான் தொடங்குகிறார்கள். ஒரே இரவில் கொல்கத்தாவும் தில்லியும் கிடைத்துவிட்டால் மனம் அதிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் பகலில் அந்த அலைவரிசையில் என்ன இருந்தது என்று எழுதிவைக்காதவரிடம், இரவில் கேட்டதை எதனோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு விடை இராது. ஆகவே, சுவை குறைந்ததாகத் தோன்றும் பகல் பதிவே இந்த வேலைக்கு அடித்தளம் என்று கொண்டு, பின்வரும் படிகள் அந்த வரிசையிலேயே அமைக்கப்பட்டுள்ளன.

அலை வந்து சேரும் இரண்டு வழிகள்

நம் நாட்டில் மத்திய அலை 531 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1602 வரை, ஒன்பது ஒன்பதாக நகர்கிறது. எனவே முறையான அலைவரிசை ஒவ்வொன்றும் ஒன்பதால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலே அது தெரிந்துவிடும். பெங்களூரின் 612, சென்னையின் 720, திருச்சியின் 936 ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள். இந்தச் சிறு கணக்கு பின்னால் ஒரு போலி நிலையத்தைக் கண்டுபிடிக்க உதவப் போகிறது.

பகலில் நமக்கு வருவது தரையலை. அது ஒலிபரப்பிக் கோபுரத்தின் அடியிலிருந்து நிலத்தை ஒட்டியே பரவுகிறது. போகிற வழியில் மண்ணுக்குத் தன் ஆற்றலை இழந்துகொண்டே போகிறது. மின்சாரத்தை நன்கு கடத்தும் பரப்பில் இழப்பு குறைவு. அதனால் கடல்மேல் அது வெகுதொலைவு போகும். நம் இரு மாவட்டங்களோ கருங்கல் பூமி. கிருஷ்ணகிரியிலிருந்து கல் வெட்டி ஏற்றுமதி செய்கிறோம் என்று பெருமைப்படுகிற அதே பாறை, தரையலையைப் பொறுத்தவரை மோசமான பாதை. குறைந்த அலைவரிசைக்கு இழப்பு குறைவு என்பதால், வலிமை ஒத்த இரு நிலையங்களில் 612இல் இருப்பது 1200க்கு மேல் இருப்பதைவிடத் தொலைவுக்குக் கேட்கும்.

பகலில் அலை மேல்நோக்கியும் போகத்தான் செய்கிறது. ஆனால் தரையிலிருந்து ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரியக் கதிர்களால் டி அடுக்கு என்னும் அயனிப் படலம் உண்டாகியிருக்கிறது. அங்கே காற்று இன்னும் ஓரளவு அடர்த்தியாக இருப்பதால், வானொலி அலையால் அதிரும் எலக்ட்ரான்கள் பக்கத்து மூலக்கூறுகளில் மோதி அந்த ஆற்றலை வெப்பமாக்கிவிடுகின்றன. மத்திய அலை அங்கேயே விழுங்கப்படுகிறது. சூரியன் மறைந்ததும் டி அடுக்கில் எலக்ட்ரான்கள் விரைவில் அயனிகளோடு சேர்ந்து படலம் கரைகிறது. அதற்கு மேலே 100 கிலோமீட்டரை ஒட்டியுள்ள இ அடுக்கும், 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட எஃப் அடுக்கும் இரவிலும் எஞ்சியிருந்து அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புகின்றன. இதுதான் வான் அலை. இ அடுக்கின் வழியாக ஒரே தாவலில் ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் வரை அலை போகலாம்.

இப்படி ஒரு படலம் இருக்க வேண்டும் என்று 1902இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே கருதினார்கள். 1924 டிசம்பரில் ஆப்பிள்டனும் பார்னெட்டும் பிபிசியின் போர்ன்மவுத் ஒலிபரப்பியைக் கொண்டு அதை மெய்ப்பித்தார்கள். அந்த ஆய்வுகளுக்காக ஆப்பிள்டனுக்கு 1947இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பகலில் சீராக இருந்த ஒலிபரப்பு இரவில் ஏறி இறங்குவது ஏன் என்ற கேள்வியே அவரை அங்கே கொண்டு சேர்த்தது. நாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்கப் போவதும் அதே ஏற்ற இறக்கம்தான்.

இரவில் எல்லா நிலையமும் நன்றாகக் கேட்கும் என்பது பாதி உண்மை. திருச்சியை எடுத்துக்கொள்வோம். தருமபுரியிலிருந்து அது நேர்க்கோட்டில் சுமார் 160 கிலோமீட்டர். பகலில் தரையலை மட்டும் வரும். ஒலி சற்று மெலிதாக, ஆனால் ஆடாமல் இருக்கும். இரவில் அதே தரையலையோடு, 100 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்த் திரும்பிய வான் அலையும் வந்து சேர்கிறது. இரண்டாவது வழி ஏறத்தாழ 256 கிலோமீட்டர். அதாவது 96 கிலோமீட்டர் கூடுதல். ஒளியின் வேகத்தில் அது சுமார் 0.32 மில்லிவினாடித் தாமதம். இந்தத் தாமதத்தால் ஒவ்வொரு 3 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியிலும் இரு அலைகளும் ஒன்றையொன்று அழிக்கும் ஒரு பள்ளம் விழுகிறது. அயனிப் படலம் அசைய அசைய அந்தப் பள்ளமும் நிலையத்தின் ஒலிப்பட்டைக்குள் நகர்கிறது. அது நடுவிலுள்ள, ஒலியைச் சுமக்கும் தாங்கு அலையின் மேல் வந்து நிற்கும்போது குரல் கரகரத்து, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். இரவில் அளவுமானி அவ்வப்போது பகலைவிடக் கூடுதல் வலிமையைக் காட்டும். காதுக்கோ பேச்சு புரியாது. ஏறத்தாழ 100 முதல் 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையங்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. நம்மைச் சூழ்ந்துள்ள பெங்களூர், திருச்சி, கோயம்புத்தூர் மூன்றும் அந்த வட்டத்துக்குள்ளேயே அமைந்திருப்பதால், பகல் இரவு ஒப்பீட்டுக்கு நம் ஊர்கள் மிகவும் வாய்ப்பானவை என்பது என் கருத்து.

முதல் படி: பெட்டி

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஆனால் ஒப்பீடு முடியும்வரை ஒரே பெட்டியே இருக்க வேண்டும். எண்முறைத் திரையில் அலைவரிசையைக் காட்டுவதும், சமிக்ஞை வலிமையை எண்ணாகக் காட்டுவதும் நல்லது. டெக்சன், எக்ஸ்எச்டேட்டா போன்ற நிறுவனங்களின் டிஎஸ்பி (சமிக்ஞையை எண்முறையில் பதப்படுத்தும்) வகைப் பெட்டிகள் பலவற்றில் வலிமை டெசிபல் அளவிலும், இரைச்சலோடு ஒப்பிட்ட விகிதம் தனியாகவும் திரையில் வரும். வாங்கியதும் அலைவரிசை நகரும் படிநிலை 9 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறதா, 10இல் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கக் கண்டங்களில் 10 வழக்கம் என்பதால் சில பெட்டிகள் அந்த அமைப்போடு வருகின்றன. அதை மாற்றாமல் தேடினால் 612க்குப் பதிலாக 610இல் நின்று, பெட்டி சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருப்போம். நான் இரண்டு நாள் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

முள் நகரும் பழைய பெட்டி வீட்டில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். அத்தகைய பெட்டிகளில் வலிமையை எண்ணாகப் பெற முடியாது. செவியால் மதிப்பிட வேண்டும். மின்கலத்தில் இயக்குங்கள். சுவரில் செருகும் மின்மாற்றிச் செருகி பகல் பதிவையே கெடுத்துவிடும்.

பெட்டிக்குள் ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டின் இயல்பை அறிந்துகொள்வது பெட்டியின் விலையைவிட முக்கியம். தண்டு படுத்திருக்கும் கோட்டுக்குக் குறுக்கேயுள்ள திசைகளிலிருந்து வருவதை அது நன்றாக வாங்கும். தண்டின் முனை சுட்டும் திசையிலிருந்து வருவதை அமுக்கிவிடும். பெட்டியைத் தட்டாமாலையாக மெல்லச் சுற்றினால் ஒலி ஓரிடத்தில் சட்டென்று அடங்குவது கேட்கும். அந்த அமுங்கு திசைதான் நமக்குக் கிடைக்கும் மிகக் கூர்மையான அளவுகோல்.

இரண்டாம் படி: இடம்

இதில் அவசரப்படக் கூடாது. எல்இடி விளக்கு, கைபேசி மின்னூட்டி, கேபிள் பெட்டி, இன்வெர்ட்டர் ஆகிய ஒவ்வொன்றும் மத்திய அலையில் இரைச்சலைக் கொட்டுகின்றன. வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரியும். ஆனால் பக்கத்து வீட்டை அணைக்க முடியாது என்பதால், ஊருக்கு வெளியே ஒரு வயலோ மாந்தோப்போ தேடிக்கொள்வதே நல்லது. பென்னாகரம் சாலையில் உறவினர் ஒருவரின் கேழ்வரகுக் கொல்லையில்தான் நான் கேட்கிறேன். மின்கம்பி வரிசையிலிருந்து நூறு மீட்டராவது விலகியிருக்க வேண்டும். உயர் அழுத்தக் கோபுரங்கள் தெரிந்தால் இன்னும் தள்ளிப் போங்கள்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு இடையூறுகள் உண்டு. ஒன்று, ஆழ்துளைக் கிணறுகளுக்குப் போட்டிருக்கும் சூரிய மின் பம்பு. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பகல் முழுக்க ஒரு சீழ்க்கை போன்ற இரைச்சலை விடும். பொழுது சாய்ந்ததும் தானே நின்றுவிடும். இதை அறியாதவர், இரைச்சல் குறைந்ததை அயனி மண்டலத்தின் செயலாக எழுதிவிடுவார். மற்றொன்று, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பாலக்கோடு பக்கங்களில் யானைக்காகக் கட்டியுள்ள சூரிய மின்வேலி. ஏறத்தாழ வினாடிக்கு ஒன்றாக ‘டக், டக்’ என்று மத்திய அலை முழுவதும் கேட்கும். வேலி பழுதின்றி இருந்தால் ஒலி மெலிது. கம்பியில் செடிகொடி பட்டு மின்சாரம் கசிந்தால் பெரிதாகும். வேலியை அணைக்கச் சொல்லக் கூடாது. நாம்தான் தள்ளிப் போக வேண்டும். காட்டோரக் கொல்லைகளில் இரவு தனியாக உட்கார்ந்து கேட்பதும் வேண்டாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாள், நமக்குத் திருநாள். சுற்றுவட்டாரமே அடங்கிப்போகும் அந்தப் பகலில் வீட்டு மாடியிலேயே தூய்மையான பகல் பதிவு எடுக்கலாம்.

நிலத்தின் அமைப்பையும் கவனியுங்கள். தொப்பூர் கணவாய் போன்ற மலை இடுக்குகளில் தரையலை வலுவிழக்கும். வத்தல்மலை போன்ற உயரத்தில் இரைச்சல் குறைவு என்பதே பெரிய நன்மை. பண்பலையைப் போல் உயரம் ஏற ஏற மத்திய அலை கூடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஓசூர்க்காரர்களுக்கு வேறொரு சிக்கல்: பெங்களூர் அருகிலேயே இருப்பதால் 612இன் வலிமை மலிவான பெட்டியைத் திணறடித்து, அக்கம்பக்கத்து அலைவரிசைகளை விழுங்கிவிடும்.

மூன்றாம் படி: சட்ட ஆண்டெனா

பெட்டி மட்டுமே போதும் என்றாலும், பகலில் சென்னைக்கு அப்பால் கேட்க விரும்பினால் ஒரு சுருள் ஆண்டெனா கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மரச்சட்டங்களைக் கூட்டல் குறிபோல் இணைத்து, 60 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரமாகக் காப்பிட்ட கம்பியை 12 முதல் 14 சுற்று சுற்றுங்கள். சுற்றுகளுக்கிடையே அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். 33 அல்லது 34 மீட்டர் கம்பி போதும். கம்பியின் இரு முனைகளையும் 365 பிகோஃபாரட் வரை சுழற்றி மாற்றக்கூடிய மின்தேக்கியான கேங் கண்டென்சரின் இரு முனைகளில் பற்றவையுங்கள். பழைய வால்வு வானொலியைப் பிரித்தால் கேங் கிடைக்கும்; வானொலி பழுது பார்த்த மூத்த மெக்கானிக்குகளிடம் கேட்டால் டப்பாவிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

பெட்டியோடு கம்பி எதையும் இணைக்க வேண்டியதில்லை. சட்டத்தின் நடுவிலோ அருகிலோ பெட்டியை வைத்து, சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக ஃபெரைட் தண்டு அமையுமாறு திருப்புங்கள். கேங்கை மெல்லச் சுற்றினால் ஓரிடத்தில் இரைச்சல் பொங்கி எழும், அதுவே ஒத்திசைவு. சட்டத்தின் விளிம்பு நிலையத்தை நோக்கியிருந்தால் ஒலி கூடும். தட்டையான முகம் நோக்கினால் அமுங்கும். பகலில் சட்டத்தோடும் இரவில் சட்டமின்றியும் கேட்டுவிட்டு இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் உண்டு. அது ஒப்பீடு ஆகாது.

நான்காம் படி: நிலையப் பட்டியல்

கண்டதையெல்லாம் தேடாமல், தொலைவுக்கேற்ப ஒரு பத்துப் பன்னிரண்டு நிலையங்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். தருமபுரியிலிருந்து நேர்க்கோட்டுத் தொலைவைத் தருகிறேன். கிருஷ்ணகிரிக்காரர்கள் வடக்கே ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்த்திக் கணக்கிடலாம். அண்மையில் பெங்களூர் 612 (110 கிலோமீட்டர்), திருச்சி 936 (160), கோயம்புத்தூர் 999 (180). இடைத்தொலைவில் சென்னை 720 (250), திருச்சூர் 630 (275), தூத்துக்குடி 1053 (370), இலங்கையின் புத்தளத்திலிருந்து சமய நிகழ்ச்சிகள் வரும் 882 (490), விஜயவாடா 837 (550), ஹைதராபாத் 738 (585). தொலைவில் மும்பை 1044 (950), நாக்பூர் 1566 (1000), கொல்கத்தா 657 (1580), தில்லி 819 (1830).

ஆகாசவாணியின் மத்திய அலை ஒலிபரப்பிகளில் சில அண்மை ஆண்டுகளில் மூடப்பட்டன. சில டிஆர்எம் என்னும் எண்முறைக்கு மாறின. எண்முறை ஒலிபரப்பு சாதாரணப் பெட்டியில் பேச்சாகக் கேட்காது. ஒரு பட்டை முழுவதும் மாறாத ‘உஸ்’ என்ற ஓசையாக இருக்கும். ஆகவே முதல் வாரத்தைப் பட்டியலைச் சரிபார்ப்பதற்கே ஒதுக்கி, ஒருமுறையேனும் காதால் கேட்டு உறுதி செய்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பட்டியலில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. ஹைதராபாத், நாக்பூர், தில்லி மூன்றும் நமக்கு ஏறக்குறைய நேர் வடக்கு. தூத்துக்குடி நேர் தெற்கு. பெட்டியின் தண்டைக் கிழக்கு மேற்காக வைத்துவிட்டால் நான்கையும் திருப்பாமலே அளக்கலாம்.

ஐந்தாம் படி: பகல் பதிவு

நம் ஊரின் தீர்க்கரேகை இந்திய நேரத்தின் அடிப்படைக் கோட்டிலிருந்து மேற்கே இருப்பதால், சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று. ஆண்டு முழுவதும் சராசரியாகப் பன்னிரண்டேகாலுக்குச் சற்று முன்பின். டி அடுக்கு மிகத் தடிப்பாக இருக்கும் அந்நேரத்தை நடுவில் வைத்து, பதினொரு மணி முதல் ஒன்றரை மணிவரை கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு எடுத்த பதிவைப் பகல் என்று சொல்லக் கூடாது. அப்போதும் தொலைதூர வான் அலையின் மிச்சம் இருக்கக்கூடும்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்கி, தேதி, நேரம், அலைவரிசை, பெட்டி காட்டிய வலிமை, இரைச்சல் விகிதம், அமுங்கு திசையில் வலிமை எவ்வளவு இறங்கியது, கேட்ட மொழி, நிகழ்ச்சி ஆகியவற்றை எழுதுங்கள். நிலையம் கேட்கவில்லை என்றாலும் எழுத வேண்டும். வெற்று வரியும் ஒரு தரவு. இத்தோடு சின்போ என்னும் ஐந்து எண் குறியீட்டையும் சேர்க்கலாம். வலிமை, குறுக்கீடு, இரைச்சல், பரவலில் ஏற்ற இறக்கம், மொத்த மதிப்பு என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து முதல் ஒன்று வரை எண் இடுவார்கள். ஐந்து என்றால் மிக நன்று. எடுத்துக்காட்டாக, 35453 என்று எழுதினால், வலிமை நடுத்தரம், குறுக்கீடு இல்லை, இரைச்சல் சிறிது, ஏற்ற இறக்கம் இல்லை, மொத்தத்தில் நடுத்தரம் என்று பொருள்.

பகல் பதிவில் நான்காம் எண் பெரும்பாலும் ஐந்தாகவே இருக்கும். அப்படியில்லாமல் நண்பகலில் ஒலி ஏறி இறங்கினால் மின்கலம் தளர்ந்திருக்கிறதா, பெட்டியின் அருகில் கைபேசி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நாள் பதிவு போதாது. மூன்று பகல்களின் எண்கள் நெருங்கி அமைந்தால்தான் அதை அடிப்படையாகக் கொள்ளலாம்.

ஆறாம் படி: அந்திப் பொழுது

எனக்கு இதுதான் மிகப் பிடித்த பகுதி. டிசம்பர் இறுதியில் நம் ஊரில் சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைகிறது. ஜூன் இறுதியில் ஆறே முக்கால் அளவில். தரையில் இருட்டினாலும் எண்பது கிலோமீட்டர் உயரத்தில் வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும் என்பதால் டி அடுக்கு உடனே போய்விடாது. பொழுது மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே உட்கார்ந்து, மறைந்து ஒன்றரை மணி நேரம் வரை, மூன்றே மூன்று நிலையங்களை மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே வாருங்கள். பட்டியல் முழுவதையும் சுற்றிவர முயன்றால் மாற்றம் நிகழும் நொடி கைநழுவிவிடும்.

கிழக்கே பொழுது முன்னதாகச் சாய்கிறது. டிசம்பரில் கொல்கத்தாவில் ஐந்து மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும். மும்பையிலோ ஆறைத் தாண்டும். எனவே கொல்கத்தாவின் 657 மெல்லத் தலைகாட்டிய பிறகும் மும்பையின் 1044 மௌனமாக இருக்கும். காலையில் இதே கதை தலைகீழாக நடக்கும்: கிழக்கு முதலில் மறையும், மேற்கு கடைசிவரை நிற்கும். இந்த வரிசையை உங்கள் பதிவேட்டில் கண்டால், அளவீடு ஒழுங்காக நடக்கிறது என்று நம்பலாம்.

ஏழாம் படி: இரவுப் பதிவு

எட்டு மணி முதல் பத்து மணிவரை, பகலில் உட்கார்ந்த அதே இடத்தில், பெட்டியின் திசை மாறாமல் பட்டியலை மீண்டும் அளக்க வேண்டும். இரவில் எண் ஒரு நிமிடத்துக்குள்ளேயே ஏறி இறங்கும் என்பதால் ஒற்றை எண்ணை எழுதக் கூடாது. இரண்டு நிமிடத்தில் கண்ட மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் எழுதுங்கள். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் வான் அலையின் கைரேகை.

அடுத்து அமுங்கு திசையைச் சோதியுங்கள். பகலில் பெங்களூரை நோக்கித் தண்டைத் திருப்பினால் ஒலி ஆழமாக அடங்கியிருக்கும். இரவில் அதே திசையில் வைத்தாலும் முழுவதும் அடங்காது; அடங்குவதுபோல் வந்து மீண்டும் எழும். வான் அலை தலைக்கு மேலிருந்து சாய்வாகவும், தன் அதிர்வுத் தளத்தை மாற்றிக்கொண்டும் வருவதே காரணம். எனவே ஒரு நிலையம் தரையலையாக வருகிறதா, வான் அலையாக வருகிறதா என்ற ஐயத்துக்கு, வலிமையைவிட அமுங்கு திசையே நம்பத்தக்க விடை தரும். பகல் இரவு என்று பிரித்து அமுங்கு திசைக்கான இந்த ஒரு பத்தியை (நெடுவரிசையை) மட்டும் எழுதிவந்தாலும் நல்ல பதிவேடு உருவாகிவிடும்.

இரவில் நிலையத்தை அடையாளம் காண்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஒரே செய்தியறிக்கையைப் பல நிலையங்கள் ஒரே நேரத்தில் அஞ்சல் செய்வதால், தமிழ்ச் செய்தி கேட்டது என்பதால் மட்டும் சென்னை என்று எழுதிவிட முடியாது. நிலையத்தின் பெயரைச் சொல்லும்வரை, அல்லது வட்டாரச் செய்தியோ விளம்பரமோ வரும்வரை காத்திருங்கள். அதிகாலை ஒலிபரப்பு தொடங்கும்போது வால்டர் காஃப்மன் அமைத்ததாகச் சொல்லப்படும் ஆகாசவாணியின் முகப்பிசை வரும். அதைத் தொடர்ந்து நிலையப் பெயர் வருவதால் அந்த ஐந்து நிமிடம் பொன் போன்றது.

போலி நிலையத்தைப் பற்றி முன்பு சொன்னேன். 455 கிலோஹெர்ட்ஸ் இடைநிலை அலைவரிசை (வாங்கிய அலையைப் பெட்டி தனக்குள் மாற்றிக்கொள்ளும் அலைவரிசை) கொண்ட பழைய வகைப் பெட்டிகளில், உண்மையான இடத்துக்கு 910 கிலோஹெர்ட்ஸ் கீழேயும் ஒரு நிழல் தோன்றலாம். நாக்பூரின் 1566இலிருந்து 910ஐக் கழித்தால் 656. கொல்கத்தாவின் 657க்குப் பக்கத்தில் இந்தி கேட்டுக் கொல்கத்தா கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 656 ஒன்பதால் வகுபடாது என்பதை அப்போது கவனிக்கவில்லை. ஐயம் வந்தால் 1566க்குப் போய் அதே பேச்சு அங்கே ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஒரே அலைவரிசையில் இரு நிலையங்கள் இருப்பதும் உண்டு. கோழிக்கோட்டுக்கும் போர்ட் பிளேருக்கும் 684தான். கோழிக்கோடு நமக்கு மேற்கே, போர்ட் பிளேர் கிழக்கே. ஃபெரைட் தண்டு முன்னும் பின்னும் ஒரேபோல் வாங்குவதால் இவ்விரண்டையும் திருப்பிப் பிரிக்க முடியாது. ஒன்று ஒலிபரப்பை முடித்த பின்னரே மற்றதைத் தேட வேண்டும்.

எட்டாம் படி: ஒப்பிடுதல்

பகலின் சராசரியை ஒரு பத்தியிலும், இரவின் உச்சத்தையும் தாழ்வையும் அடுத்த இரு பத்திகளிலும், தொலைவை நான்காவதிலும் எழுதி, தொலைவு வரிசையில் அடுக்குங்கள். முதல் குழுவில் பகலுக்கும் இரவின் உச்சத்துக்கும் வேறுபாடு சிறிது. தெளிவு மட்டும் குறைந்திருக்கும். நடுக்குழுவில் வேறுபாடு பெரிது. கடைசிக் குழுவில் பகல் பத்தி முழுவதும் வெற்றாக இருக்கும். சென்னை 720 எந்தக் குழுவைப்போல் நடந்துகொள்கிறது என்பது நீங்கள் உட்காரும் இடத்தையும் சட்ட ஆண்டெனாவையும் பொறுத்து மாறும் என்பதால், இரு நண்பர்கள் ஒருவர் அரூரிலும் மற்றவர் கிருஷ்ணகிரி அணைப் பக்கத்திலுமாக ஒரே நேரத்தில் அளந்து பார்ப்பது மிகப் பயனுள்ள சோதனை.

வலிமை எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். இரவில் இரைச்சலும் வான் வழியே வருகிறது; தொலைவில் எங்கோ வெட்டும் மின்னலின் கரகரப்பும் எண்ணைக் கூட்டும். ஏப்ரல், மே கோடை இடியின்போதும் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரிலும் எடுத்த பதிவுகளை டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான அமைதியான இரவுகளோடு கலக்காதீர்கள். மின்னல் அருகில் இருந்தால் வெளியே கம்பியோடு உட்காராதீர்கள்.

பதிவேடு ஓராண்டைத் தாண்டியவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. புவிகாந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், நம் தலைக்கு மேல் காந்தப்புலம் ஏறக்குறையப் படுத்த நிலையில் வடக்கு தெற்காக ஓடுகிறது. இத்தகைய இடங்களில், செங்குத்துக் கோபுரங்களிலிருந்து கிழக்கு மேற்காக வரும் வான் அலைக்கு வடக்கு தெற்காக வருவதைவிட மிகுந்த இழப்பு உண்டு. போர்ட் பிளேரும் கொல்கத்தாவும் நமக்கு ஏறத்தாழ ஒரே தொலைவு. ஒன்று நேர் கிழக்கு, மற்றது வடகிழக்கு. ஒலிபரப்பு வலிமை ஒன்றல்ல என்பதை மனத்தில் கொண்டு இரண்டையும் பல இரவுகள் அளந்து வைப்பது வீண் போகாது.

பகலிலேயே இரவைக் காணும் வாய்ப்பும் அரிதாக வரும். சூரிய கிரகணத்தின்போது டி அடுக்கு தற்காலிகமாக மெலிகிறது. 2019 டிசம்பர் 26 காலையில் கங்கண கிரகணம் தமிழகத்தைக் கடந்தது. அடுத்து 2031 மே 21 அன்று கங்கணப் பாதை கேரளத்தையும் தென்தமிழகத்தையும் கடக்கும். நம் ஊரில் பகுதி கிரகணமாகத் தெரியும். அன்றைக்கு அளக்க வேண்டுமானால் கிரகணத்துக்கு முன்னும் பின்னுமுள்ள இரண்டிரண்டு நாள்களின் அதே மணிநேரப் பதிவு கையில் இருக்க வேண்டும். பட்டியலில் எந்த நிலையங்கள் அன்றுவரை காற்றில் இருக்கும் என்பதைப் பார்த்து, நடுத்தொலைவில் மூன்றையும் நெடுந்தொலைவில் இரண்டையும் தேர்ந்துகொள்ளுங்கள். கிரகணத்தைப் பார்க்க வெளியே ஓடாமல் பெட்டியருகில் உட்கார ஓர் ஆளையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.